வேறு மாகாணத்தில் பழைய படகு வாங்கினால்: லைசன்ஸ், வரி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரலில் பனி உருகத் தொடங்கியதும் எனக்கு அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். "அண்ணா, மொன்றியல் பக்கம் ஒரு அலுமினியப் படகு நல்ல விலைக்குப் போகுது, வாங்கலாமா? வரி எவ்வளவு வரும்? பெயரை எங்கே போய் மாத்துறது?" என்று. பெரும்பாலும் சிம்கோ ஏரியிலும் ரைஸ் ஏரியிலும் மீன் பிடிக்கிற நம் பெடியன்கள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி, கடைசியில் ஒரே இடத்தில் எழுதி வைப்போம் என்று உட்கார்ந்தேன். நான் கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்தில் இருக்கிறேன், அதனால் இங்கிருந்துதான் பேசுகிறேன். மற்ற மாகாணங்களில் எனக்கு நன்றாகத் தெரிந்ததை மட்டும் சேர்த்திருக்கிறேன்.

கார் வாங்கினால் செய்வது போலத்தானே? புது மாகாணத்தில் புதுப் பதிவு, புது எண்?

இல்லை. எல்லோரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான், ஆகவே இதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். காரை மாகாணம் பதிவு செய்கிறது. படகை மாகாணம் பதிவு செய்வதில்லை, அது ஒட்டாவாவின் வேலை, அதாவது மத்திய அரசின் போக்குவரத்துத் துறையான ட்ரான்ஸ்போர்ட் கனடாவின் வேலை. அவர்கள் கொடுக்கும் உல்லாசப் படகு லைசன்ஸ் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். கியூபெக்கில் ஓடிய படகு ஒன்ராறியோவுக்கு வந்தாலும் பக்கத்தில் ஒட்டியிருக்கும் எண் மாறாது, உரிமையாளரின் பெயர் மட்டும்தான் மாறும்.

ஆனால் அந்தப் படகை ஏற்றி வருகிற ட்ரெய்லர் மாகாணத்துக்குச் சொந்தமான விஷயம். அதற்கு மாகாண அரசின் சேவை அலுவலகமான சேர்விஸ் ஒன்ராறியோவுக்குப் போய், பெர்மிட் எடுத்து, எண் பலகை வாங்க வேண்டும். வரி என்று வரும்போது மூன்றாவது ஒரு கணக்கு இருக்கிறது: யாரிடம் வாங்கினீர்கள், எந்த மாகாணத்தில் கைக்கு வந்தது, எந்த மாகாணத்தில் வைத்து ஓட்டப் போகிறீர்கள் என்பதை வைத்து அது மாறும். படகு ஒரு கதை, ட்ரெய்லர் ஒரு கதை, வரி ஒரு கதை. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதவரை இது பெரிய வேலையே இல்லை.

எந்தப் படகுக்கு லைசன்ஸ் கட்டாயம்?

10 குதிரைவலு அல்லது அதற்கு மேல் எஞ்சின் பூட்டிய உல்லாசப் படகுக்குக் கட்டாயம். இரண்டு எஞ்சின் இருந்தால் இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். கனூ, கயாக், 9.9 குதிரைவலு எஞ்சின் பூட்டிய சின்னப் படகு போன்றவற்றுக்கு இந்தக் கணக்கில் தேவையில்லை, விரும்பினால் எடுத்து வைக்கலாம். கடைகளில் இத்தனை 9.9 எஞ்சின்கள் விற்பதற்கு இந்தப் 10 என்ற கோடும் ஒரு காரணம்.

லைசன்ஸ் இல்லாமல் ஓடினால் 250 டொலர் அபராதம்.

பெயர் மாற்ற எவ்வளவு நாள் இருக்கிறது? காசு எவ்வளவு?

நிறையப் பேர் பழைய விதியை நினைவில் வைத்திருக்கிறார்கள்: 90 நாள், இலவசம், 10 வருடத்துக்குச் செல்லும். 2025 டிசம்பர் 31-இலிருந்து அது மாறிவிட்டது. இப்போது வாங்கிய 30 நாளுக்குள் மாற்ற வேண்டும், 24 டொலர் கட்டணம், லைசன்ஸ் 5 வருடத்துக்குத்தான். ஆகவே யாராவது "அது ஆறுதலாச் செய்யலாம், மூண்டு மாசம் இருக்கு" என்று சொன்னால் கேட்காதீர்கள்.

விண்ணப்பத்தை இணையத்திலேயே போடலாம். உங்கள் அடையாள அட்டையின் நகல், விற்பனைச் சீட்டு, படகு முழுவதும் தெரியும்படி பக்கவாட்டிலிருந்து எடுத்த ஒரு படம், இவ்வளவுதான் வேண்டும். படத்தைப் படகு வாங்கிய அன்றே, தார்ப்பாய் போட்டு மூடுவதற்கு முன்னாலேயே எடுத்துவிடுங்கள். இடம் குறுகிய ட்ரைவ்வேயில் பதினாறு அடிப் படகை முன் நுனியிலிருந்து பின்பலகைவரை ஒரே படத்துக்குள் கொண்டுவர நான் பக்கத்து வீட்டுப் புல்தரையில் ஏறி நிற்க வேண்டியிருந்தது.

புது லைசன்ஸ் கைக்கு வரும்வரை, உங்கள் பெயர், முகவரி, வாங்கிய திகதி இருக்கிற விற்பனைச் சீட்டின் நகல் ஒன்று படகில் இருக்கட்டும். ஸிப் வைத்து மூடுகிற பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வையுங்கள், ஈரம் ஏறினால் மை கரைந்துவிடும்.

விற்பனைச் சீட்டில் என்ன இருக்க வேண்டும்?

பில் ஒஃப் சேல் என்று எல்லோரும் சொல்லுகிற இந்தச் சீட்டுத்தான் முழு வேலைக்கும் அடித்தளம். ஒரு வெள்ளைத் தாளில் கையால் எழுதினாலும் பரவாயில்லை, ஆனால் விற்பவரின் முழுப் பெயரும் முகவரியும் கையெழுத்தும், வாங்குபவரின் பெயரும் முகவரியும், திகதி, விலை, படகின் தயாரிப்பாளர், மாடல், நீளம், படகின் லைசன்ஸ் எண், உடல் எண், எஞ்சினின் தொடர் எண், இவை எல்லாம் இருக்க வேண்டும்.

இரண்டு சீட்டு எழுதுங்கள் என்பது நான் கையைப் பிடித்துச் சொல்லுகிற விஷயம். படகுக்கும் எஞ்சினுக்கும் ஒன்று, ட்ரெய்லருக்கு ஒன்று. ஏன் என்று வரிக் கேள்வியில் சொல்கிறேன்.

உடல் எண் என்றால் என்ன? எங்கே இருக்கும்?

காருக்கு வின் எண் போல, படகின் உடலுக்கும் 12 எழுத்தும் இலக்கமுமாக ஒரு எண் உண்டு. 1981 ஆகஸ்ட் 1-க்குப் பிறகு செய்யப்பட்ட அல்லது இறக்குமதியான படகுகளில் இருக்கும். பின்பலகையின் வெளிப்புறம், வலது பக்க மேல் மூலையில் தேடுங்கள். முதல் மூன்று எழுத்து தயாரிப்பாளரைச் சொல்லும், கடைசி இரண்டு இலக்கம் மாடல் வருடத்தைச் சொல்லும். ஆகவே விளம்பரத்தில் 2009 என்று போட்டுவிட்டு எண்ணின் முடிவில் 98 இருந்தால் அங்கேயே நின்று கேளுங்கள்.

பழைய அலுமினியப் படகில் இந்த எண் பெயின்ட்டுக்கு அடியில் மங்கிப் போயிருக்கும். ஒரு மெல்லிய தாளை மேலே வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகத் தேய்த்தால் எழுத்துகள் வெள்ளையாக எழும்பி வரும். சின்ன வயதில் நாணயத்தைத் தாளுக்குக் கீழே வைத்துத் தேய்த்த அதே வேலைதான். அந்தத் தாளையும் வைத்திருங்கள். சீட்டிலும் லைசன்ஸிலும் உள்ள எண்ணோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். எண் சுரண்டப்பட்டிருந்தாலோ, அந்த இடத்தில் ரிவெட் அடித்த புதுத் தகடு இருந்தாலோ திரும்பி வந்துவிடுங்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

விற்பவரின் பெயர் லைசன்ஸில் இல்லை. வாங்கலாமா?

என் முதல் படகில் எனக்கு நடந்தது இதுதான். விற்றவர் நல்ல மனிதர் மாதிரித்தான் பேசினார். லைசன்ஸ் தாளில் வேறு ஒருவரின் பெயர் இருந்தது. கேட்டதற்கு, "அது முந்தி வைத்திருந்தவர், நான் மாத்தவில்லை, நீங்கள் நேராக உங்கட பெயருக்கு மாத்துங்கோ" என்றார். சரி என்று காசைக் கொடுத்துவிட்டேன். பிறகு விண்ணப்பம் போட்டால், அந்தப் பழைய உரிமையாளரிடமிருந்து இவருக்கு வந்ததற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். இவரிடம் சீட்டு இல்லை. இன்னும் தோண்டிப் பார்த்தால் நடுவில் மூன்றாவதாக ஒருவர் இருந்திருக்கிறார், அவர் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. விற்றவர் இரண்டு முறை தொலைபேசியை எடுத்தார், அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

உரிமைச் சீட்டு இல்லாதபோது, அது ஏன் இல்லை, படகு எப்படித் தன் கைக்கு வந்தது என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுக்கிற வழி ஒன்று இருக்கிறது. அதைத்தான் கடைசியில் செய்தேன், வேலை முடிந்தது. ஆனால் மே மாதம் வாங்கிய படகு ஆகஸ்ட் கடைசிவரை வீட்டு முன்னால் நின்றது. மகன் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டு இறங்குவான். அந்தக் கோடை அவனுக்குத் திரும்பி வராது, அதை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கும்.

ஆகவே என் பதில்: லைசன்ஸில் இருக்கிற பெயர்தான் விற்பவரின் அடையாள அட்டையிலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் உள்ள ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் சீட்டு வேண்டும். வேறு மாகாணத்தில் வாங்கும்போது இது இன்னும் முக்கியம். பக்கத்துத் தெரு என்றால் திரும்பப் போய்க் கதவைத் தட்டலாம், ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவரின் கதவை எத்தனை தரம் தட்டுவீர்கள்?

லைசன்ஸ் என் பெயரில் வந்துவிட்டால் படகு சட்டப்படி எனதுதானே?

அவசரப்படாதீர்கள். லைசன்ஸ் என்பது அடையாள எண். தண்ணீரில் ஏதாவது நடந்தால் தேடல், மீட்புக் குழுக்கள் இது யாருடைய படகு, எப்படிப்பட்ட படகு என்று பார்த்துக்கொள்ள உதவுவது. அது உரிமைப் பத்திரம் இல்லை. உரிமைக்கு ஆதாரம் உங்கள் விற்பனைச் சீட்டுத்தான்.

இதற்கு மேலே இன்னொன்று இருக்கிறது, கனடியக் கப்பல் பதிவேடு. அதுவும் ட்ரான்ஸ்போர்ட் கனடாவிடம்தான். உல்லாசப் படகுக்கு அது கட்டாயமில்லை, ஆனால் பெரிய பாய்மரப் படகு, கபின் உள்ள படகு வைத்திருப்பவர்கள் பதிவு செய்திருப்பார்கள். அப்படிப் பதிவான படகுக்கு ஒரு தனிப் பெயரும், பதிவுத் துறைமுகமும், படகின் உள் உத்தரத்தில் பொறித்த அதிகாரபூர்வ எண்ணும் இருக்கும். லைசன்ஸ் தேவையில்லை. நீங்கள் வாங்கப் போகும் படகின் பின்புறத்தில் பெயரோடு ஓர் ஊர்ப் பெயரும் எழுதியிருந்தால் அது பதிவான படகாக இருக்கலாம், அதன் பதிவேட்டை இணையத்தில் தேடிப் பாருங்கள். அந்தப் படகின் மேல் அடமானம் இருந்தால் அங்கே பதிந்திருக்கும். உரிமை மாற்றமும் அந்தப் பதிவேட்டின் வழியாகத்தான் போக வேண்டும், சாதாரண லைசன்ஸ் மாற்றம் போதாது.

படகின் மேல் கடன் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கடன் படகோடு வரும், ஆளோடு போகாது. விற்றவர் தவணை கட்டாமல் விட்டால் கடன் கொடுத்த நிறுவனம் உங்கள் வீட்டு வாசலில் நிற்கிற படகைத்தான் தேடி வரும். இதைப் பார்க்கிற பதிவேடுகள் மாகாணத்துக்கு மாகாணம் வேறு. படகு இதுவரை இருந்த மாகாணத்தில்தான் தேட வேண்டும். ஒன்ராறியோவில் இருந்துகொண்டு ஒன்ராறியோப் பதிவேட்டில் தேடி, "ஒன்றுமில்லை, சுத்தம்" என்று சந்தோசப்பட்டால் பயனில்லை.

கியூபெக்கில் ஆர்டிபிஆர்எம் என்று ஒரு பதிவேடு இருக்கிறது, அங்கே படகை அதன் எண்ணை வைத்துத் தேடலாம். அல்பேர்ட்டாவிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் படகு தொடர் எண் உள்ள பொருள் என்ற கணக்கில் வருவதால் எண்ணை வைத்துத் தேட முடியும். ஒன்ராறியோவில் அந்தத் தேடல் வாகனத்துக்குத்தான், படகுக்கு விற்பவரின் சட்டப்படியான முழுப் பெயரில் தேட வேண்டும். அதனால்தான் அடையாள அட்டையைப் பாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன், ஒரு எழுத்து மாறினாலும் தேடல் வெறுமையாக வரும். சின்னக் கட்டணம்தான். பெட்ரோலுக்குச் செலவழிப்பதில் பத்தில் ஒரு பங்கு கூட வராது.

சரி, வரி. கியூபெக்கில் ஒரு தனியாளிடம் வாங்கி ஒன்ராறியோவுக்குக் கொண்டுவருகிறேன். எவ்வளவு?

தனியாள் என்றால் கடை வைத்து விற்பவர் இல்லை, தன் சொந்தப் படகை விற்பவர். அவர் உங்களிடம் ஜிஎஸ்டியோ (மத்திய அரசின் விற்பனை வரி) எச்எஸ்டியோ (அதோடு மாகாணப் பங்கும் சேர்ந்த வரி) வாங்க முடியாது. ஒன்ராறியோவும் தனியாளிடம் வாங்கிய பழைய படகின் மேல் மாகாண விற்பனை வரி கேட்பதில்லை. ஆனால் ட்ரெய்லருக்குக் கேட்கும். தனியாளிடம் வாங்கிய வாகனங்களுக்கும் ட்ரெய்லருக்கும் 13 வீதம், சேர்விஸ் ஒன்ராறியோவில் பெர்மிட் எடுக்கும்போதே கட்ட வேண்டும்.

இப்போது அந்த இரண்டு சீட்டு விஷயத்துக்கு வருகிறேன். படகும் எஞ்சினும் 12,000 டொலர், ட்ரெய்லர் 1,500 டொலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனிச் சீட்டு இருந்தால் ட்ரெய்லருக்கு 13 வீதம், 195 டொலர். "படகு, ட்ரெய்லர் எல்லாம் சேர்த்து 13,500" என்று ஒரே வரியில் எழுதிக்கொண்டு போனால் கவுண்டரில் இருக்கிற பிள்ளைக்கு அதில் ட்ரெய்லர் எவ்வளவு என்று எப்படித் தெரியும்? 13,500-க்கு 13 வீதம் என்றால் 1,755 டொலர். அந்தத் தாளை வைத்துக்கொண்டு வாதாடுவதை விட, விற்பவரின் சமையலறை மேசையில் இன்னும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து இரண்டாவது சீட்டை எழுதிவிடலாம்.

அப்படியென்றால் ட்ரெய்லருக்கு 100 டொலர் என்று எழுதிவிடலாமே?

வேண்டாம். ட்ரெய்லருக்கு உண்மையில் என்ன மதிப்போ அதை எழுதுங்கள். இரட்டை அச்சு, புது டயர், பிரேக் உள்ள ட்ரெய்லருக்கு 100 டொலர் என்று எழுதினால் பார்க்கிறவருக்கே புரியும், நிதி அமைச்சு பிறகு கேள்வி கேட்கலாம். கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான், விற்றவர் இல்லை. நாளைக்கு ட்ரெய்லர் களவு போனாலும் காப்புறுதிக்காரர் கேட்பது இதே சீட்டைத்தான். இரண்டு சீட்டு எழுதச் சொல்வது உண்மையான விலைகளைப் பிரித்துக் காட்டத்தான்.

மாமா தன் படகையும் ட்ரெய்லரையும் சும்மா தந்தார். ட்ரெய்லருக்கு வரி உண்டா?

எந்த மாமா என்பதில் இருக்கிறது. ஒன்ராறியோவில் குடும்பத்துக்குள் அன்பளிப்பாகக் கொடுத்தால், சத்தியக் கடதாசி ஒன்று கொடுத்து வரியிலிருந்து விலக்குப் பெறலாம். ஆனால் அந்தக் குடும்பப் பட்டியல் சின்னது: கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், பேரன் பேத்தி, தாத்தா பாட்டி, சகோதரர், மாமனார் மாமியார், மருமகன் மருமகள் என்று அந்த அளவில்தான். மனைவியின் அப்பாவை மாமா என்று கூப்பிடுகிறீர்கள் என்றால் சரி, விலக்கு உண்டு. அம்மாவின் தம்பியை மாமா என்கிறீர்கள் என்றால் அவர் பட்டியலில் இல்லை. நமக்கு இரண்டும் ஒரே சொல், அவர்களுக்கு இரண்டும் வேறு. பெரியப்பா, சித்தப்பா, மச்சான் முறைகளையும் இப்படி ஒருமுறை யோசித்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.

பின்கதவால் காசு கொடுத்துவிட்டு அன்பளிப்பு என்று சத்தியம் செய்யாதீர்கள். அது பொய்ச் சத்தியம்.

கடையில் வாங்கினால்? அல்பேர்ட்டாவில் ஒரு டீலரிடம் பார்த்து வைத்திருக்கிறேன், அங்கே வரி 5 வீதம்தானே.

அங்கே 5 வீதம், உண்மைதான். அல்பேர்ட்டாவில் மாகாண விற்பனை வரி கிடையாது. 20,000 டொலர் படகுக்கு 1,000 டொலர் ஜிஎஸ்டி கட்டி, அங்கேயே கையேற்று, இழுத்துக்கொண்டு வருகிறீர்கள். ஆனால் ஒன்ராறியோவுக்குள் பாவிப்பதற்காகக் கொண்டுவந்ததும் எச்எஸ்டியின் மாகாணப் பங்கான 8 வீதத்தை நீங்களே கணக்குப் பார்த்துக் கட்ட வேண்டும். 1,600 டொலர். ஆக மொத்தம் 2,600, அதாவது இங்கே வாங்கியிருந்தால் கட்டியிருக்கும் அதே 13 வீதம். இதற்கு வருமான வரித் திணைக்களத்தின் ஜிஎஸ்டி 489 என்ற படிவம் இருக்கிறது, கொண்டுவந்த மாதத்துக்கு அடுத்த மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும்.

இதைக் கேட்டதும் பலருக்கு முகம் வாடிவிடும். "ஒருத்தரும் கட்டுறேல்லையே அண்ணா" என்பார்கள். கட்டாதவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது, சட்டம் என்ன என்பதைத்தான் சொல்கிறேன். டீலரின் பில்லில் உங்கள் ஒன்ராறியோ முகவரி இருக்கும், லைசன்ஸிலும் அதே முகவரி இருக்கும், மறைக்க அதில் ஒன்றும் இல்லை. விலை மலிவு என்று முடிவு செய்வதற்கு முன்னால் இந்த 8 வீதத்தையும், அங்கிருந்து இழுத்து வருகிற பெட்ரோலையும், நடுவில் தங்குகிற இரவுகளையும் கூட்டிப் பாருங்கள்.

ஒரு வழி இருக்கிறது, காசு மிச்சமாகாது ஆனால் தலையிடி மிச்சம். டீலரே படகை ஒன்ராறியோவில் உங்கள் வாசலில் கொண்டுவந்து கொடுப்பதாக ஒப்பந்தம் செய்தால், அவர் ஒன்ராறியோவின் 13 வீதத்தை பில்லிலேயே போட்டுவிடுவார். பொருள் எங்கே கையளிக்கப்படுகிறதோ அந்த மாகாணத்தின் வரி என்பதுதான் கணக்கு. கியூபெக் டீலரிடம் வாங்குபவர்களுக்கு இது இன்னும் பயன்படும், ஏனென்றால் அங்கேயே கையேற்றால் ஜிஎஸ்டியோடு 9.975 வீதம் கியூபெக் வரியும் பில்லில் ஏறும்.

நான் வன்கூவரில் இருக்கிறேன். தனியாளிடம் வாங்கினால் எனக்கும் வரி இல்லையா?

உங்களுக்கு உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் தனியாளிடம் வாங்கும் படகுக்கு 12 வீதம் மாகாண விற்பனை வரி. 12,000 டொலர் படகுக்கு 1,440 டொலர். வேறு மாகாணத்தில் தனியாளிடம் வாங்கி உள்ளே கொண்டுவந்தாலும் அதே 12 வீதம். ஜிஎஸ்டி வாங்கும் டீலரிடம் வாங்கியிருந்தால் 7 வீதம். காருக்குப் பெயர் மாற்றும்போது கவுண்டரிலேயே வரியை வாங்கிக்கொள்வது போல படகுக்கு யாரும் கேட்க மாட்டார்கள். ஃபின் 405 என்ற படிவத்தை நீங்களே நிரப்பி, வாங்கிய அல்லது கொண்டுவந்த மாதத்துக்கு அடுத்த மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டும். யாரும் கேட்கவில்லையே என்று விட்டுவிட்டு, பிறகு வட்டியோடு கடிதம் வந்தபின் அழுவதில் அர்த்தமில்லை.

வேறு மாகாணத்திலிருந்து குடிபெயர்ந்து வருகிறவர்களுக்கு ஒரு சலுகை: பிரிட்டிஷ் கொலம்பியாவில் குடியேறுவதற்குக் குறைந்தது 30 நாளுக்கு முன்பே படகு உங்களுடையதாக இருந்திருந்தால் புதுக் குடியாளர் என்ற முறையில் விலக்குக் கேட்கலாம். வாங்கிய திகதியைக் காட்ட, மறுபடியும், அந்தச் சீட்டு வேண்டும்.

அட்லாண்டிக் பக்க மாகாணங்களிலும் தனியாள் விற்பனைக்குப் படகு உட்பட வரி போடுகிற இடங்கள் உண்டு. ஒன்ராறியோவில் இருக்கிற மச்சான் சொன்னதை வைத்து அங்கே முடிவெடுக்காதீர்கள்.

ட்ரெய்லரை எப்படி இழுத்துக்கொண்டு வருவது? எண் பலகை?

விற்பவரின் எண் பலகை விற்பவருடையது. அதோடு வீட்டுக்கு வந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், பலகையே இல்லாமல் 401 நெடுஞ்சாலையில் ஓடலாம் என்றும் நினைக்காதீர்கள். போவதற்கு முன்னாலேயே தற்காலிக பெர்மிட் எங்கே எடுப்பது என்று இரண்டு மாகாணத்திலும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மத்தியானம் போய் நின்றால் அலுவலகம் பூட்டியிருக்கும். ட்ரெய்லரின் பழைய பதிவுத் தாளை விற்பவரிடம் கையெழுத்தோடு கட்டாயம் வாங்குங்கள்.

ஒன்ராறியோவில் ட்ரெய்லர் பலகை ஒருமுறை எடுத்தால் போதும், வருடாவருடம் புதுப்பிக்கத் தேவையில்லை. ட்ரெய்லரும் சுமையும் சேர்ந்து 1,360 கிலோ அல்லது அதற்கு மேல் என்றால் பிரேக் இருக்க வேண்டும்.

படகில் எண்ணை எப்படி ஒட்டுவது?

முன் பகுதியின் இரு பக்கமும், தண்ணீர் மட்டத்துக்கு மேலே, ஒவ்வொரு எழுத்தும் குறைந்தது 7.5 சென்றிமீற்றர் உயரமாக, படகின் நிறத்திலிருந்து எடுத்துத் தெரியும் நிறத்தில். நேரான தடித்த எழுத்து, அலங்கார எழுத்து கூடாது. பழைய எண் நன்றாகத் தெரிந்தால் அப்படியே விடுங்கள், அதே எண்தான் உங்களுக்கும்.

ஏரி மாற்றுகிறபோது கழுவ வேண்டும் என்கிறார்களே, அதற்கும் அபராதமா?

இதை யாரும் கேட்பதில்லை, ஆகவே நானே கேட்டுச் சொல்கிறேன். வரியை விட இது எனக்குப் பெரிய விஷயம். சீப்ரா மஸல் என்று ஒரு சின்னச் சிப்பி, விரல் நகம் அளவு, கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு. 1980-களின் கடைசியில் பேரேரிகளுக்குள் வந்து, கல், குழாய், படகு, எஞ்சின் என்று எல்லாவற்றிலும் அப்பிக்கொண்டது. 2013-இல் மனிற்றோபாவின் வினிப்பெக் ஏரியிலும் கண்டுபிடித்தார்கள். அதன் குஞ்சு கண்ணுக்கே தெரியாது, படகின் அடியில் தேங்கி நிற்கிற ஒரு செம்பு தண்ணீரில் உட்கார்ந்து அடுத்த ஏரிக்குப் போய்விடும்.

அதனால் ஒன்ராறியோவில் 2022 ஜனவரி 1-இலிருந்து சட்டம் இருக்கிறது: படகைத் தரை வழியாகக் கொண்டு போவதற்கு முன்னால் அடைப்பானைக் கழற்றித் தண்ணீரை வடித்து, ஒட்டியிருக்கும் பாசி, செடி, சிப்பி எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். மேற்கு மாகாணங்களுக்குப் படகை இழுத்துப் போனால் வழியில் சோதனை நிலையங்கள் இருக்கும், அங்கே நிறுத்தாமல் போவது குற்றம். வாங்கப் போகும் இடத்திலேயே ட்ரெய்லரின் அடிக் குழாய்களுக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். நான் ஒருமுறை பார்த்தபோது, கட்டில் உயரத்துக்குக் குனிந்து உள்ளே விரல் விட்டால் மணல் போல நெருநெருவென்று இருந்தது, வெளியே எடுத்துப் பார்த்தால் எல்லாம் குட்டிச் சிப்பி. என் அப்பா பருத்தித்துறைக் கடலில் வள்ளத்தைக் கரையேற்றினால் அடியைச் சுரண்டிக் காய வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். அவர் செய்தது வள்ளத்துக்காக. இங்கே ஏரிக்காகவும் செய்ய வேண்டியிருக்கிறது.

படகு ஓட்டும் அட்டை வேறு வேண்டுமா?

வேண்டும். படகின் லைசன்ஸ் வேறு, ஓட்டுபவரின் அட்டை வேறு. 2009 செப்டெம்பர் 15-இலிருந்து எஞ்சின் பூட்டிய உல்லாசப் படகை ஓட்டும் எவரும் தகுதிச் சான்றைக் கையில் வைத்திருக்க வேண்டும், எஞ்சின் எவ்வளவு சின்னதானாலும் சரி. ஒருமுறை தேர்வு எழுதி எடுத்தால் வாழ்நாளுக்கும் செல்லும், எல்லா மாகாணத்திலும் செல்லும். 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை, பெரியவர் கூட இல்லாமல் 10 குதிரைவலுவுக்கு மேல் ஓட்டக் கூடாது. 12 முதல் 16 வயதுக்குள் என்றால் 40 வரை. ஜெட் ஸ்கீ என்றால் 16 வயது ஆகியிருக்க வேண்டும், அதில் பெரியவர் பக்கத்தில் இருந்தாலும் சலுகை இல்லை.

காப்புறுதி கட்டாயமா?

படகுக்குச் சட்டப்படி கட்டாயமில்லை. ஆனால் மரீனாவில் நிறுத்த இடம் கேட்டால் பெரும்பாலும் கேட்பார்கள். என்னைக் கேட்டால் எடுங்கள்.

காசு வாங்கிக்கொண்டு ஆட்களை மீன் பிடிக்கக் கூட்டிப் போகலாமா?

அப்போது அது உல்லாசப் படகு இல்லை, வர்த்தகப் படகு. மேலே எழுதியவற்றில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. ட்ரான்ஸ்போர்ட் கனடாவிடம் நேரடியாகப் பேசிவிட்டுத் தொடங்குங்கள், இங்கே இருப்பதை வைத்துத் தொடங்காதீர்கள்.

நாளைக்குப் படகு பார்க்கப் போகிறேன். என்னென்ன கொண்டு போக வேண்டும்?

இரண்டு விற்பனைச் சீட்டு, இரண்டிரண்டு நகலாக முன்பே அச்சடித்து. பேனா இரண்டு. பென்சிலும் மெல்லிய தாளும். டோர்ச். ட்ரெய்லர் விளக்குக்கான இணைப்பு வயர், நான்கு முனையும் ஏழு முனையும் பொருந்துகிற மாற்றியோடு. விற்பவர் பிரெஞ்சு மட்டும் பேசுபவர் என்றால் பேசத் தெரிந்த ஒருவர். கடன் தேடலை முதல் நாள் இரவே செய்துவிடுங்கள். அங்கே போனதும் முதலில் லைசன்ஸ் தாளைக் கேளுங்கள், பிறகு அடையாள அட்டை, பிறகு பின்பலகை எண், இந்த மூன்றும் ஒத்துப் போன பிறகு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். எஞ்சின் சத்தம் கேட்டதும் மனம் அதில் போய்விடும், தாளைப் பார்க்கத் தோன்றாது. காசு உறையை அதுவரை காருக்குள்ளேயே வைத்திருங்கள்.